தாமிரபரணிக் கரையிலிருந்து ஊட்டி உறைபனிக்கு

தாமிரபரணித் தண்ணீரில் குளித்து வளர்ந்த எங்களுக்கு, குளிர் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. எங்கள் கல்லிடைக்குறிச்சியில் மார்கழி விடிகாலையில் ஆற்றில் முங்கி எழுந்து, பல் கிட்ட, “யம்மா, என்னா குளுரு!” என்று சொல்லிக்கொண்டே வந்து கோலம் போடுவோம். அந்த நேரத்தில் தர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டியிருக்கும். வாசலில் நிற்கிற காரின் கண்ணாடியில் பனித்துளி முத்து முத்தாகக் கோத்திருக்கும். பழைய வேட்டித் துணியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது.

ஊட்டிப் பனி அப்படியல்ல. அது துடைத்தால் போகாது, ஒட்டிக்கொள்ளும். இப்போது எங்கள் பக்கத்தில் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அரைப் பரீட்சை லீவு, பொங்கல் லீவு என்றால் குடும்பத்தோடு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்வெட்டர், குல்லா, காதுக்குப் பஞ்சு, தைலம் எல்லாம் மறக்காமல் எடுத்து வைக்கிறோம். காரின் ஜன்னல் கண்ணாடிக்கும் குளிர் அடிக்குமே என்று யாரும் நினைப்பதில்லை.

“கார் சமாசாரமெல்லாம் ஆம்பிளைங்க பாடு” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. குழந்தையோடு ஜன்னல் ஓரத்தில் உட்காருகிறவர்கள் யார்? மலைப்பாதையில் பிள்ளைக்குக் குமட்டினால், “கண்ணாடிய இறக்குங்க” என்று பதறுகிறவர்கள் யார்? நாம்தானே! அதனால் இதை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

சென்ற ஜனவரியில் பொங்கல் கழிந்த கையோடு நாங்கள் புறப்பட்டோம். நானும் எங்க வீட்டுக்காரரும், எழுபது வயதான என் மாமியார், கொழுந்தனார், என் ஓரகத்தி, அவர்களுடைய மூன்று வயது வால் பையன். ஆக ஆறு பேர்.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் டொராண்டோவிலிருந்து என் நாத்தனார் போனில் பேசினாள். பன்னிரண்டு வருஷமாக அங்கே இருக்கிறவள். ஊட்டிக்குப் போகிறோம் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி ஸ்வெட்டரைப் பற்றி அல்ல.

“மைனி, வண்டியில பவர் விண்டோதானே?”

“ஆமா. சுவிட்ச அமுக்குனா ஏறி இறங்கும்.”

“அப்போ அண்ணன்கிட்ட சொல்லி வைங்க. காலையில பனி ஒட்டியிருக்கும்போது சுவிட்சத் தொடவே கூடாது. இங்க வந்த புதுசுல நான் அவசரத்துல அமுக்கி, கண்ணாடி கதவுக்குள்ள தொபுக்குன்னு விழுந்து போச்சு. முதல் நாளே ரப்பரத் தொடைச்சு ஈரமில்லாம வச்சிரணும். அவ்வளவுதான் சூட்சுமம்.”

இதைச் சொன்னதும் இவர்கள் நம்பவில்லை. “ஊட்டி என்ன கனடாவா?” என்று சிரித்தார்கள். ஆனாலும் வண்டியைச் சர்வீசுக்கு விட்டபோது மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறார்கள். அவரும் அதையே சொல்லி, கதவின் உள்பக்கத்தைக் கழற்றியே காட்டினாராம். வீட்டுக்கு வந்து இவர்கள் எனக்கு விளக்கியதை, எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

கதவுக்குள்ளே கைக்கு அடக்கமான ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. அது ஒரு கம்பி வடத்தையோ, கத்தரி மாதிரி விரிந்து மடங்கும் கையையோ இழுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்குகிறது. கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பிடித்திருப்பது பல வண்டிகளில் ஒரு பிளாஸ்டிக் கவ்விதான். கண்ணாடி ஏறி இறங்கும் பாதையில் இரண்டு பக்கமும் மேலேயும் ரப்பர் தவாளிப்பு. கீழே, கதவும் கண்ணாடியும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் பட்டை. மழைத் தண்ணீர், கழுவின தண்ணீர், பனித்துளி எல்லாம் போய்த் தங்குவது இந்த ரப்பர் இடுக்குகளில்தான். இரவு அந்த ஈரம் ஐஸாக உறைந்தால் கண்ணாடியும் ரப்பரும் பசை போட்டாற்போல் ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் நாம் சுவிட்சை அமுக்குகிறோம். மோட்டார் இழுக்கிறது, கண்ணாடி நகரமாட்டேன் என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கவ்வியோ வடமோ அறுகிறது. இல்லையென்றால் பியூஸ் போகிறது. அந்தக் காலத்துக் கைப்பிடி வைத்த கண்ணாடியாக இருந்தால், சுற்றும்போதே இறுக்கம் நம் கைக்குத் தெரியும், நிறுத்திவிடுவோம். சுவிட்சுக்கு அந்த உணர்ச்சி கிடையாது.

எங்கள் ஊர் வண்டிகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வருஷம் முழுக்க வெயிலும் புழுதியும். ரப்பர் காய்ந்து வெடித்து, இடுக்கெல்லாம் மண் சேர்ந்திருக்கும். மண் இருக்கிற இடத்தில் ஈரம் சுலபத்தில் காயாது. ஆகவே இவர்கள் ஒரு குச்சியில் மெல்லிய துணியைச் சுற்றி, தவாளிப்பு முழுவதும் விட்டுத் துடைத்தார்கள். வந்த அழுக்கைப் பார்த்தால் நம் வீட்டு ஜன்னல் கம்பி தோற்றது போங்கள்! பிறகு கார் சாமான் கடையில் விற்கும் சிலிக்கோன் ஸ்பிரேயைத் துணியில் அடித்து, ரப்பரின் மேல் லேசாகப் பூசினார்கள். அது தண்ணீரை ஒட்டவிடாது, ரப்பரையும் கெடுக்காது.

“தேங்காயெண்ணெய் வீட்டுலயே இருக்கே, அதத் தடவுனா என்ன?” என்று என் மாமியார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தேங்காயெண்ணெய் இருபத்து நாலு, இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே போனாலே கட்டிவிடுமே! நம் ஊர் மார்கழியிலேயே உறைகிற எண்ணெய் ஊட்டியில் என்ன ஆகும்? போதாததற்குப் புழுதியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் இவையும் ஆகாது. ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுப்போகும்.

விடிகாலை நாலு மணிக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆற்றுப் பாலம் தாண்டும்போது இரண்டு பக்கமும் பிசானப் பயிரின் மேல் வெள்ளைப் புகை மாதிரி பனி. திருநெல்வேலி, கோவில்பட்டி, விருதுநகர், மதுரை, திண்டுக்கல். அங்கிருந்து ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக மேட்டுப்பாளையம் சேரும்போது மத்தியானம் சாய்ந்துவிட்டது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்பைப் பார்த்ததும் எனக்குப் பாபநாசம் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றிற்று. கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அந்த எண்ணம் போய்விட்டது.

ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குளிர் கூடும் என்பது கணக்கு. அப்படியானால் சமவெளிக்கும் ஊட்டிக்கும் பதிமூன்று டிகிரி போல வித்தியாசம் பகலிலேயே உண்டு. பர்லியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளில் பையனுக்குக் குமட்டல் வந்துவிட்டது. என் ஓரகத்தி சட்டென்று கண்ணாடியை இறக்கி, சில்லென்ற காற்றைக் காட்டி, ஒரு துண்டு எலுமிச்சையை முகரக் கொடுத்தாள். சரியாகிவிட்டது. ஒரு ஜன்னல் திறந்து மூடுவது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று எனக்கு அப்போது புரிந்தது.

நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு, சென்னை ஐகோர்ட் உத்தரவின்படி 2024 மே 7-ஆம் தேதி முதல் வந்தது. போகிறவர்கள் கிளம்பும் முன்பே அப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பை, பாட்டில்களுக்கும் அங்கே தடை. நாங்கள் எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் கொண்டுபோனோம்.

மறுநாள் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். மக்ஐவர் என்ற வெள்ளைக்காரத் தோட்ட நிபுணர் 1848-இல் உருவாக்கத் தொடங்கியது. அங்கே ஓர் அதிசயம் பார்த்தேன். பூச்செடிப் பாத்திகளில் பல இடங்களில் செடியே தெரியவில்லை. மிலார் என்று ஒரு காட்டுச் செடியின் கிளைகளை வெட்டி வந்து, குடிசை கூரை போட்டாற்போல் இளஞ்செடிகளை மூடி வைத்திருந்தார்கள். வேலை செய்துகொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன்.

“ராத்திரி மானத்துலருந்து பனி எறங்குமில்லீங்க? செடி கருகிப் போயிரும். சாயங்காலம் மூடி வச்சா பொழச்சுக்கும்” என்றார்.

உடனே இவர்களைப் பார்த்தேன். “செடிக்குச் சரின்னா வண்டிக்கும் சரிதானே?” என்றேன். அன்று சாயங்காலமே வண்டிக்குக் கூரை போட்டுவிட்டோம்!

எப்படியென்றால், விடுதி முற்றத்தில் பள்ளமான திறந்த வெளியை விட்டு, மேட்டுப் பக்கம் ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். எல்லாக் கண்ணாடியையும் முழுக்க ஏற்றிவிட்டு, ரப்பர் இடுக்குகளை உலர்ந்த துணியால் துடைத்தார்கள். வைப்பர் கைகளைத் தூக்கி நிறுத்திவிட்டு, முன் கண்ணாடியின் மேல் காய்ந்த அட்டைகளையும், வண்டி மேல் முழு உறையையும் போட்டுக் கட்டினார்கள். மொத்தம் பத்து நிமிஷ வேலை.

மூடினால் ஏன் பனி ஒட்டுவதில்லை? மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையும் இலையும் கண்ணாடியும் தங்கள் சூட்டை வானத்தைப் பார்க்க விட்டுவிடுகின்றன. அதனால் சுற்றியுள்ள காற்றை விடவும் கண்ணாடி அதிகமாகக் குளிர்ந்துபோகும். தர்மாமீட்டர் இரண்டு, மூன்று டிகிரி காட்டும்போதே கண்ணாடியில் உறைபனி பூப்பது இதனால்தான். மேலே ஒரு மூடி இருந்தால் சூடு தங்கும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பள்ளத்துப் புல்வெளிகளில் பனி அதிகம், மேட்டிலும் மரத்தடியிலும் குறைவு.

விடிந்து கதவைத் திறந்தேன். அடேயப்பா! புல்தரை முழுக்க உப்பளம் மாதிரி வெள்ளை. எங்கள் பக்கத்துத் தூத்துக்குடி உப்பு வயலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முற்றத்தில் நின்ற மற்ற வண்டிகளின் மேலெல்லாம் கல்லுப்பைக் கொட்டி வைத்தாற்போல் இருந்தது. பையன் சுரண்டிப் பார்த்து, “பெரியம்மா, ஐஸு! ஐஸு!” என்று குதித்தான்.

அப்போது முற்றத்தின் பள்ளத்தில் நின்ற ஒரு வண்டியில் ஓர் இளம் தம்பதி கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதக் கைக்குழந்தை. கோயம்புத்தூரில் ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம், அவசரம். முதல் நாள் சாயங்காலம் சேறு பட்டதென்று வண்டியை வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். அந்தப் பிள்ளை வெந்நீர் கேட்டு விடுதிக் காவல்காரரிடம் போனார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “வேணாங்க. சுடுதண்ணி ஊத்துனா கண்ணாடி விரிசல் உட்ரும். எட்டு, எட்டரைக்கு வெயில் வரும். அதுவே எல்லாத்தையும் பண்ணிரும்” என்றார்.

அவருக்குப் பொறுமை இல்லை. முன் கண்ணாடியை மட்டும் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலை இறக்கினால் பக்கக் கண்ணாடி தெரியுமே என்று சுவிட்சை அமுக்கினார். உர்ரென்று சத்தம். மறுபடி அமுக்கினார். ‘கடக்’ என்று உள்ளே ஏதோ முறிந்தது. கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து, நாலு விரற்கடை இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஐஸ்காற்று சரசரவென்று உள்ளே வருகிறது. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி மலை இறங்குவது? என் மாமியார் போய் அவள் தோளைத் தொட்டார்கள். “ரயில் போனா இன்னொன்னு வரும்மா. பிள்ளைய உள்ள கொண்டா. வெயில் வரட்டும், போலாம்” என்றார்கள். அந்தக் குரலுக்கு அவள் கட்டுப்பட்டாள். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தோம். குழந்தை எங்கள் அறையில் கம்பளிக்குள் தூங்கிற்று. கொழுந்தனாரும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து அட்டைப் பெட்டியைக் கிழித்து, இடைவெளியை அடைத்து, டேப் ஒட்டினார்கள். ஒன்பது மணிக்கு, நல்ல வெயிலில், குழந்தையைப் பின் சீட்டில் எதிர்ப்பக்கமாக வைத்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்கள். மேட்டுப்பாளையம் சேர்ந்ததும், “பத்திரமா வந்துட்டோம், பாட்டிகிட்ட சொல்லிருங்க” என்று அந்தப் பெண் போன் பண்ணினாள்.

எங்கள் வண்டியில் உறையை எடுத்து உதறினோம். ஜன்னல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. வெயில் பட்டதும் அதுவும் நீராக ஓடிவிட்டது. சுவிட்சை அமுக்கினால் வெண்ணெய் மாதிரி இறங்கிற்று. ஊட்டி என்ன கனடாவா என்று கேட்டவர்கள், “தங்கச்சிக்கு ஒரு போன் போடு” என்றார்கள்!

குளிர் ஊருக்கு வண்டியில் போகிற சகோதரிகள் குறித்து வைத்துக்கொள்ள:

1. கிளம்பும் முன் ஜன்னல் ரப்பர் இடுக்குகளை மண் போகத் துடைத்து, சிலிக்கோன் பூசச் சொல்லுங்கள். வெடித்த ரப்பரை மாற்றிவிடுங்கள்.

2. மலையில் மாலை நேரத்தில் வண்டியைக் கழுவ வேண்டாம். நனைந்திருந்தால், பனி இறங்கும் முன்பே கண்ணாடியை நாலு தடவை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவையும் துடைத்து, பிறகு முழுக்க மூடுங்கள்.

3. மூடுகிற துணியும் அட்டையும் உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஈரத் துணி கண்ணாடியோடு சேர்ந்து உறைந்துவிடும்.

4. காலையில் ஜன்னல் சுவிட்சையும் வைப்பரையும் தொட வேண்டாம். எஞ்சினைப் போட்டு, ஹீட்டரைக் குறைவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினால் உள்ளிருந்து இளகும். இதை மூடிய ஷெட்டுக்குள் செய்யவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷம்.

5. வெந்நீர் ஊற்றக் கூடாது. கரண்டி, கத்தி கூடாது. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் மெதுவாகச் சுரண்டலாம். ஜன்னல் ஓரத்தை உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தால் மெல்லிய ஐஸ் விட்டுவிடும்.

6. பிறகு சுவிட்சை ஒரே ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். சத்தம் மட்டும் வந்து கண்ணாடி நகராவிட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள். இன்னும் கால் மணி பொறுக்கலாம்.

7. உள்ளே ஆறு பேர் மூச்சு விட்டால் கண்ணாடி உட்புறம் ஆவி படியும். ஹீட்டரோடு ஏ.ஸி.யையும் சேர்த்துப் போட்டால் ஈரம் குறைந்து தெளியும்.

இதோடு பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் விண்டோவுக்குக் கழுத்து, விரல் என்ற பேதம் தெரியாது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில், பின் ஜன்னல்களைப் பூட்டுகிற பொத்தான் ஒன்று உண்டு. குழந்தை வண்டியில் இருந்தால் அதைப் போட்டே வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை ஏற்றுமுன் பின்னால் திரும்பிப் பார்த்து, “கைய எடு கண்ணா” என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சாவியோடு குழந்தையை வண்டியில் தனியே விட்டு ஒரு நிமிஷம்கூட இறங்கக் கூடாது.

பனி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கிற நாளில், விடிந்ததும் தலைகுந்தா புல்வெளிப் பக்கம் போங்கள். வெயில் ஏற ஏற, வெள்ளை முழுவதும் புகையாக எழும்பி, அடியிலிருந்து பச்சை தெரியத் தொடங்கும். காணக் கண் கோடி வேண்டும். குழந்தைகளுக்குக் காதும் மார்பும் மூடியிருக்கட்டும். நனைந்த சாக்ஸை உடனே மாற்றுங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் இந்த வேலை வீண் போகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் நம் ஜன்னல்கள் இதே இடுக்கில் தண்ணீரும் மண்ணும் சேர்ந்துதான் இறுகுகின்றன. மாதம் ஒரு தரம் துணி சுற்றிய குச்சியால் துடைத்து வைத்தால் போதும். சாயங்காலம் ஈரத்தைத் துடைப்பது, காலையில் கொஞ்சம் பொறுப்பது. வீட்டில் தினமும் நாம் செய்கிற காரியங்கள்தானே இரண்டும்! சௌக்கியமாகப் போய்ப் பனியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.